இஎஸ்சி எரிஞ்சா முதல்ல மோட்டாரையும் ப்ராப்பையும் பாருங்க

எலக்ட்ரிக் மாடல் ப்ளேன்ல அடிக்கடி நடக்குற கதை இதுதான். மோட்டார் நடுங்குது, இல்லன்னா பறந்துட்டு இருக்கும்போதே நின்னுடுது, இல்லன்னா மோட்டாரோட வேகத்த மாத்துற ஸ்பீடு கன்ட்ரோலர்ல, அதாவது இஎஸ்சில இருந்து புகை வருது. உடனே கன்ட்ரோலர்தான் மட்டமான சரக்குன்னு முடிவு பண்ணி புதுசு ஒண்ணு வாங்கி மாட்டுறாங்க, பேட்டரிய சொருகுன அடுத்த நிமிஷம் அதுவும் போயிடுது. ரெண்டு கன்ட்ரோலர் காசு போனதுக்கப்புறம்தான் மோட்டார் மேல சந்தேகமே வருது.

காரணம் சிம்பிள். அந்த கன்ட்ரோலர் நடுவுல நிக்கிற ஆள். ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் மோட்டார், ரெண்டு பக்கமும் நடக்குற தப்புக்கு அடி வாங்குறது இதுதான். அதுனால எந்த அறிகுறி எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்கணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், அதுல இருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். கீழ இருக்குற எந்த சோதனையா இருந்தாலும் ப்ராப்பெல்லர கழட்டி வச்சுட்டு பண்ணுங்க. சுத்தாதுன்னு நினைச்ச மோட்டார் திடீர்னு சுத்தும்போது விரலுக்கு கிடைக்கிற நேரம் ரொம்ப கம்மி.

உள்ள என்ன நடக்குது

இப்ப வர்ற மாடல் ப்ளேன்ல பெரும்பாலும் ப்ரஷ்லெஸ் மோட்டார்தான். அதுல நடுவுல இருக்குற ஸ்டேட்டர்ல செப்புக் கம்பி சுத்தியிருக்கும், அது அசையாது. வெளிய மணி மாதிரி கவுந்திருக்குற மூடியில காந்தம் ஒட்டியிருக்கும், அதுதான் சுத்தும். இதுக்கு அவுட்ரன்னர்னு பேரு. வெளிய வர்ற வயர் மூணு. பழைய மோட்டார்ல கார்பன் ப்ரஷ் உரசி உரசி எந்தக் காயிலுக்கு எப்ப கரண்ட் போகணும்னு மாத்தி விடும், ப்ரஷ்லெஸ்ல அந்த வேலைய எலக்ட்ரானிக்ஸ் பாக்குது. 1962லயே டி. ஜி. வில்சன், பி. ஹெச். டிரிக்கின்னு ரெண்டு பேர் இத வச்சு கட்டுரை எழுதிட்டாங்க, ஆனா பொம்மை ப்ளேன் விலைக்கு இறங்கி வர பல வருஷம் ஆச்சு.

அந்த எலக்ட்ரானிக்ஸ்தான் எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர், சுருக்கமா இஎஸ்சி. அதுக்குள்ள ஒவ்வொரு வயருக்கும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாஸ்ஃபெட் சுவிட்ச் இருக்கும், ஆக மொத்தம் ஆறு (பெரிய இஎஸ்சில ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு மூணு சேர்த்து வச்சிருப்பாங்க). எந்த நேரத்துலயும் ரெண்டு வயர்ல கரண்ட் போகும், மூணாவது சும்மா இருக்கும். சும்மா இருக்குற அந்த வயர்ல, காந்தம் கடந்து போறதுனால ஒரு சின்ன வோல்டேஜ் உண்டாகும். இதுக்கு பேக் இஎம்எஃப்னு பேரு. காந்தம் இப்ப எங்க இருக்குன்னு இஎஸ்சி கண்டுபிடிக்கிறது இத வச்சுத்தான், வேற சென்சார் எதுவும் கிடையாது.

இங்கதான் விஷயமே இருக்கு. மோட்டார் நின்னுட்டு இருக்கும்போது பேக் இஎம்எஃப் சுத்தமா கிடையாது. அதுனால கிளம்பும்போது இஎஸ்சி குருட்டாம்போக்குல காயில்களுக்கு வரிசையா கரண்ட் குடுத்துப் பாக்கும், காந்தம் கொஞ்சம் வேகம் புடிச்சு சிக்னல் தெரிஞ்சதும் அதப் புடிச்சுக்கும். நடுங்குறது, திக்கித் திக்கி கிளம்புறது எல்லாமே இந்த முதல் அரை விநாடியில நடக்குற குழப்பம்.

கரண்ட் எவ்வளவுன்னு முடிவு பண்றது ப்ராப்

மோட்டாரோட கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, சுமை இல்லாம. 1000 கேவி மோட்டாருக்கு முழு சார்ஜ்ல இருக்குற 3எஸ் லிப்போ (மூணு செல் தொடரா இருக்குற லித்தியம் பாலிமர் பேட்டரி), அதாவது 12.6 வோல்ட் குடுத்தா நிமிஷத்துக்கு 12,600 சுத்து சுத்தப் பாக்கும். ப்ராப் மாட்டுனா காத்து தடுக்கும், வேகம் குறையும், குறைஞ்சதுக்கு ஏத்த மாதிரி பேட்டரில இருந்து கரண்ட இழுக்கும். மோட்டார் எனக்கு இவ்வளவு போதும்னு சொல்லாது. ப்ராப் எவ்வளவு கேக்குதோ அவ்வளவு இழுக்கும், எரியுற வரைக்கும்.

ப்ராப்போட விட்டம் கூடுனா சுமை நாலாவது அடுக்குல ஏறும். அதே சுத்துல 9 இஞ்ச் ப்ராப்ப 10 இஞ்சா மாத்துனா சுமை சுமார் 1.5 மடங்கு. ஒரு இஞ்ச் தானேன்னு நினைக்கிற இடத்துல பாதிக்குப் பாதி ஏறிடுது. அதே மாதிரி ப்ராப்ப மாத்தாம 3எஸ்ல இருந்து 4எஸ் போனா வோல்டேஜ் 1.33 மடங்கு, கரண்ட் கிட்டத்தட்ட 1.8 மடங்கு, வாட் 2.4 மடங்கு கிட்ட போகும். நிஜத்துல வயர்லயும் பேட்டரிலயும் கொஞ்சம் விழுறதுனால இதவிட கம்மியா வரும், ஆனா எந்தத் திசையில போகுதுன்னு புரிஞ்சுடும்.

ஏ2212ன்னு ஒரு 1000 கேவி மோட்டார் இருக்கு, 30 ஆம்பியர் இஎஸ்சியோட ஜோடியா விக்கிறது, ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் கைல இதுதான் இருக்கும். அந்த மோட்டாரோட தாள்ல 12 ஆம்பியர், 60 விநாடின்னு போட்டிருக்கும். அதாவது 12 ஆம்பியரையே ஒரு நிமிஷம்தான் தாங்கும். ஆனா ஜனங்க பாக்குறது இஎஸ்சி மேல எழுதியிருக்குற 30ங்கிற நம்பர. 30 இருக்குல்ல, அப்ப 18 போனா என்னன்னு நினைக்கிறாங்க. இஎஸ்சிக்கு ஒண்ணும் ஆகாதுதான், மோட்டார் உள்ள வெந்துடும். சாதாரண இஎஸ்சி கரண்ட அளந்து தடுக்கிற வேலையெல்லாம் செய்யாது, 30ன்னு போட்டிருக்குறது அது தாங்குற அளவு, அவ்வளவுதான்.

அதுனால எந்த புது ப்ராப்பா இருந்தாலும் மாட்டுனதும் வாட்மீட்டர (வோல்ட், ஆம்பியர், வாட் காட்டுற மீட்டர்) பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவுல போட்டு, ப்ளேன இறுக்கமா கட்டிட்டு, பின்னாடி நின்னு ஒரு அஞ்சு விநாடி ஃபுல் த்ராட்டில் குடுத்துப் பாருங்க. ப்ராப்போட செய்யுற ஒரே சோதனை இதுதான். வாட்மீட்டர் இல்லாம ப்ராப் மாத்துறது சுத்தமா கணக்கு இல்லாத வேலை, என் அபிப்ராயத்துல ரெண்டாவது இஎஸ்சி வாங்குற காசுக்கு முதல்ல அத வாங்கலாம்.

பேட்டரி சொருகுனா சுத்தவே இல்ல

பீப் சத்தத்த கவனிங்க. அந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னு நிறைய பேருக்கு தெரியாது, இஎஸ்சிக்குள்ள ஸ்பீக்கர் எதுவும் கிடையாது, மோட்டார் காயில்ல சின்னச் சின்னதா கரண்ட் குடுத்து மோட்டாரையே அதிர வச்சுத்தான் அந்த பீப் வருது. அதுனால பீப் தெளிவா கேட்டாலே பேட்டரி, இஎஸ்சியோட மூளை, காயில்ல ஒரு பகுதி எல்லாம் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

1. சத்தமே இல்ல, சர்வோவும் (இறக்கை, வால் மடிப்புகள அசைக்கிற குட்டி மோட்டார்) அசையல. பவரே வரல. பேட்டரி கனெக்டர்ல ஈயம் சரியா புடிக்காம இருக்கலாம், இல்ல பேட்டரியே காலி.

2. சத்தம் இல்ல, ஆனா சர்வோ வேலை செய்யுது. பவர் வருது, மோட்டார் பக்க வயர்கள் கழண்டிருக்கலாம் இல்லன்னா இஎஸ்சியோட அந்தப் பகுதி போயிருக்கலாம்.

3. விடாம பீப் பீப்னு அடிக்குது. த்ராட்டில் சிக்னல் சரியா கிடைக்கலன்னோ, கீழ இறங்கலன்னோ சொல்லுது. ரிமோட் சிக்னல ப்ளேன்ல வாங்குற ரிசீவர்ல ப்ளக்க திருப்பி சொருகியிருக்கீங்களா, வேற சேனல்ல சொருகியிருக்கீங்களா, ரிமோட் ரிசீவரோட பைண்ட் ஆகியிருக்கா, அதாவது ஜோடி சேர்ந்திருக்கா, த்ராட்டில் ட்ரிம் மேல ஏறியிருக்கான்னு பாருங்க. ஃப்யூட்டபா ரிமோட்டா இருந்தா த்ராட்டில் சேனல ரிவர்ஸ் பண்ணனும், இது தெரியாம ஒரு நாள் முழுக்க மண்டைய உடைச்சுக்கலாம்.

4. செல் எண்ணிக்கை தப்பா அடிக்குது. 3எஸ் பேட்டரிக்கு மூணு பீப் வரணும், ரெண்டுதான் வருதுன்னா வோல்டேஜ் ரொம்ப இறங்கியிருக்கு, ஒரு செல் செத்திருக்கலாம். அந்த பேட்டரிய பறக்க எடுத்துட்டு போகாதீங்க.

மூணாவதுக்கு பெரும்பாலும் மருந்து த்ராட்டில் கேலிப்ரேஷன். ரிசீவர்ல இருந்து வர்ற சிக்னல்ங்கிறது ஒரு துடிப்பு, அதோட நீளம் ஏறக்குறைய 1000 மைக்ரோவிநாடின்னா நிறுத்தம், 2000ன்னா முழு வேகம். உங்க ரிமோட் 1100ல ஆரம்பிச்சா இஎஸ்சிக்கு அது நிறுத்தம்னே தெரியாது. ரிமோட்ட ஆன் பண்ணி ஸ்டிக்க மேல வச்சுட்டு பேட்டரிய சொருகுங்க, ரெண்டு பீப் வந்ததும் ஸ்டிக்க கீழ இறக்குங்க, செல் கணக்கு பீப் வந்து கடைசியா ஒரு நீள பீப் வந்தா முடிஞ்சுது. ரெண்டு பீப்புக்கு அப்புறமும் மேலயே விட்டா நிறைய இஎஸ்சி ப்ரோக்ராம் மோடுக்கு போயிடும், அங்க தெரியாம பேட்டரி வகைய மாத்திட்டு அப்புறம் தவிக்கிறவங்க உண்டு.

நடுங்குது, சுத்த மாட்டேங்குது

பத்துல எட்டு தடவை இது மூணு வயர்ல ஒண்ணு சரியா தொடல. ரெண்டு வயர் மட்டும் இருந்தா காந்தம் முன்னாடி பின்னாடி ஆடும், சுத்தாது. இந்த நிலையில த்ராட்டில ஏத்தி ஏத்தி பாக்குறதுதான் பெரிய தப்பு, நின்னுட்டு இருக்குற மோட்டார்ல பேக் இஎம்எஃப் இல்லாததுனால கரண்ட எதிர்த்து நிக்க எதுவும் இல்ல, இருக்குற ரெண்டு காயில்லயும் மாஸ்ஃபெட்லயும் மொத்தமா பாயும்.

சோதனை இந்த வரிசையில பண்ணுங்க, பேட்டரிய கழட்டிட்டு.

1. மோட்டார இஎஸ்சில இருந்து முழுசா பிரிச்சு, மூணு வயரும் ஒண்ணோட ஒண்ணு படாம வச்சு கையால சுத்துங்க. காந்தம் விட்டு விட்டு இழுக்குறது மட்டும்தான் தெரியணும். இப்பவே கனமா இருந்தா உள்ள காயில் ஷார்ட், இல்லன்னா பேரிங்ல மண்ணு, இல்லன்னா கழண்ட காந்தம் ஒண்ணு உரசுது.

2. ஏதாவது ரெண்டு வயர தொட வச்சு சுத்துங்க, ப்ரேக் புடிச்ச மாதிரி கனம் கூடும். மூணு ஜோடிக்கும் இப்படி பண்ணுங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கணும், ரெண்டு ஜோடி லேசா இருந்தா அந்த ரெண்டுலயும் பொதுவா இருக்குற வயர் அறுந்திருக்கு.

3. இஎஸ்சிய திரும்ப மாட்டி, பேட்டரி இல்லாமலே சுத்துங்க. தனியா லேசா இருந்த மோட்டார் இப்ப கனமா ஆச்சுன்னா இஎஸ்சிக்குள்ள ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கு. இந்த நிலையில பேட்டரிய சொருகவே கூடாது.

இந்த மூணுக்கும் மீட்டரே தேவையில்ல. மீட்டர் வச்சு காயிலோட ஓம் அளக்குறேன்னு கிளம்புனா ஏமாறுவீங்க, ஏ2212ல அது 0.09 ஓம் அளவுதான், சாதாரண மல்டிமீட்டரோட ப்ரோப் வயரே அதவிட ஜாஸ்தி காட்டும். மீட்டர் உபயோகப்படுற இடம் வேற, மோட்டார் வயர் ஒண்ணுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவுல வச்சு பாருங்க, எதுவும் காட்டக் கூடாது. காட்டுனா முதல்ல மவுண்ட் ஸ்க்ரூவ சந்தேகப்படுங்க. மோட்டார புடிக்கிற ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டர் நீளமா இருந்தாலே உள்ள போய் காயில் மேல இருக்குற வார்னிஷ குத்திடும். புது மோட்டார், புது இஎஸ்சி, மாட்டுன உடனே புகைன்னு வர்ற கேஸ்ல இந்த ஸ்க்ரூவுக்கு பெரிய பங்கு உண்டு.

நடுங்காம எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா அது கோளாறே இல்ல, மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்தி சொருகுங்க போதும்.

ஆகாசத்துல நின்னுடுச்சு

இதுல முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணு: மோட்டார் நின்னப்ப சர்வோ வேலை செஞ்சுதா?

செஞ்சுதுன்னா இஎஸ்சி வேணும்னுதான் மோட்டார நிறுத்தியிருக்கு. அதுக்கு பொதுவா ரெண்டு காரணம். ஒண்ணு லோ வோல்டேஜ் கட், ஒரு செல்லுக்கு சுமார் 3 வோல்ட்டுக்கு இறங்குனா (மாடலுக்கு மாடல் மாறும்) ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் மிச்சம் வைக்க மோட்டார நிறுத்திடும். இன்னொண்ணு சூடு. இறங்குனதும் இஎஸ்சிய தொட்டுப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும்.

ஆனா பலர் குழம்புறது எங்கன்னா, இறங்கி பேட்டரிய அளந்தா 11.4 வோல்ட் இருக்கு, பாதி சார்ஜ் இருக்கே, அப்புறம் எப்படி கட் ஆச்சுன்னு. பேட்டரிக்கு உள்ளயும் ஒரு தடை இருக்கு. நல்ல பேட்டரில மொத்தமா 30 மில்லிஓம்னு வச்சுக்குங்க, 20 ஆம்பியர் இழுக்கும்போது 0.6 வோல்ட் விழும், 10.8 நிக்கும், பிரச்சனை இல்ல. அதே பேட்டரி உப்பிப் போய் பழசாகி 90 மில்லிஓம் ஆச்சுன்னா 1.8 வோல்ட் விழுந்து 9.6க்கு வந்துடும், செல்லுக்கு 3.2. இன்னும் கொஞ்சம் த்ராட்டில் குடுத்தா கட். த்ராட்டில குறைச்சதும் வோல்டேஜ் திரும்ப ஏறிடும், அதுனால தரையில அளந்தா குத்தமே தெரியாது. இதுக்கும் வாட்மீட்டர்தான், சுமையோட அளக்கணும்.

சர்வோவும் சேர்ந்து செத்துதுன்னா கதை வேற. ரிசீவருக்கு கரண்ட் போகல. பெரும்பாலான இஎஸ்சிக்குள்ள பிஇசின்னு ஒரு பகுதி இருக்கும், பேட்டரி வோல்டேஜ 5 வோல்ட்டா இறக்கி ரிசீவருக்கும் சர்வோவுக்கும் குடுக்கும். இதுல லீனியர் வகை மிச்ச வோல்டேஜ சூடாவே வெளிய தள்ளும். 3எஸ்ல சர்வோ எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தா 7.6 வாட் சூடு, 4எஸ்ல 11.8 வாட். சின்ன சோல்டரிங் அயர்ன் ஒண்ண தெர்மோகோல் உடம்புக்குள்ள வச்சு மூடுன மாதிரி. சுவிட்சிங் வகையில இந்தத் தொல்லை ரொம்ப கம்மி. 4எஸ், நாலு சர்வோன்னு போறவங்க தனியா ஒரு சுவிட்சிங் பிஇசி வாங்கி வைக்கிறது நல்லது, அப்ப இஎஸ்சில இருந்து வர்ற மூணு வயர்ல சிவப்ப மட்டும் ப்ளக்ல இருந்து உருவி டேப் சுத்திடுங்க. ரெண்டு மோட்டார் ப்ளேன்ல ரெண்டு இஎஸ்சியோட பிஇசியும் ஒரே ரிசீவருக்கு வந்தாலும் ஒரு சிவப்ப உருவுறதுதான் பாதுகாப்பு. சில இஎஸ்சில ஓப்டோன்னு போட்டிருக்கும், அதுல பிஇசியே கிடையாது.

கிறீச்சுன்னு கத்தி நிக்குது

தரையில நல்லா சுத்துது, த்ராட்டில வேகமா ஏத்துனா மட்டும் கிறீச்சுன்னு சத்தம் போட்டு திணறுதுன்னா, காந்தம் எங்க இருக்குன்னு இஎஸ்சி தொலைச்சிடுச்சு. சிங்க் போயிடுச்சுன்னு சொல்றது இதத்தான். ப்ராப் நிமிஷத்துக்கு 10,000 சுத்துனா 14 காந்தம் இருக்குற மோட்டார்ல ஏழு ஜோடி, ஆக இஎஸ்சி கணக்குக்கு அது 70,000 சுத்து. காந்தம் அதிகமா இருக்க இருக்க இஎஸ்சிக்கு நேரம் கம்மி.

இதுக்கு டைமிங்னு ஒரு செட்டிங் இருக்கு, காந்தம் வர்றதுக்கு எவ்வளவு முன்னாடியே கரண்ட மாத்தணும்ங்கிற கோணம். லோ, மீடியம், ஹைன்னு இருக்கும். அவுட்ரன்னருக்கு மீடியம்ல ஆரம்பிங்க, கத்துச்சுன்னா ஒரு படி ஏத்துங்க. கூடவே கிளம்புற வேகத்த சாஃப்ட்னு வைக்கலாம். ஹைல வச்சா கரண்ட் கொஞ்சம் கூடும், சூடும் கூடும், அதுனால காரணமில்லாம ஹைல விடாதீங்க. ஒரு மோட்டார் பல மாசம் நல்லா ஓடிட்டு திடீர்னு கத்த ஆரம்பிச்சா செட்டிங்க தொடாதீங்க, வயர் ஜாயிண்ட்டையும் காந்தத்தையும் பாருங்க, செட்டிங் தானா மாறாது.

சூடும் காந்தமும்

அரை த்ராட்டில்ல பறந்தா இஎஸ்சி குளிர்ச்சியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை உண்டு. ஃபுல் த்ராட்டில்ல சுவிட்ச் அதோட முறை வரும்போது கிட்டத்தட்ட ஆன்லயே இருக்கும், அரை த்ராட்டில்ல விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு. அதுனால பெரிய ப்ராப் போட்டுட்டு மெதுவா பறக்குறேன்ங்கிறது இஎஸ்சிய காப்பாத்துற வழி கிடையாது. காத்து உள்ள வர ஒரு ஓட்டை, வெளிய போக அதவிட பெரிய ஓட்டை, இது நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு செட்டிங்க விட முக்கியம்.

மோட்டார் பக்கம் ஒரு மறைஞ்ச கேடு இருக்கு. நியோடிமியம் காந்தத்துல சாதாரண வகை சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான், எஸ்ஹெச்னு முடியுற வகை 150 வரைக்கும். அளவு தாண்டி ஒரு தடவை சூடானா காந்த சக்தி குறைஞ்சுடும், ஆறுனாலும் திரும்பாது. காந்தம் பலவீனமானா கேவி ஏறும், அதே தள்ளுக்கு கரண்ட் அதிகம் தேவைப்படும், அது இன்னும் சூடாக்கும். வெளிய பாத்தா மோட்டார் புதுசு மாதிரியே இருக்கும், சுத்தவும் செய்யும், ஆனா மாட்டுற இஎஸ்சி ஒவ்வொண்ணா காலி பண்ணும்.

கண்டுபிடிக்க ப்ராப் இல்லாம கரண்ட் அளந்தா போதும். ஏ2212ல 10 வோல்ட்டுக்கு 0.5 ஆம்பியர்னு தாள்ல இருக்கும். உங்களது ஒன்றரை ஆம்பியர் இழுக்குதுன்னா அந்த மோட்டார தூக்கிப் போடுங்க, மனசு வரலன்னா ஷோகேஸ்ல வைங்க.

புது இஎஸ்சி மாட்டுறதுக்கு முன்னாடி

பழைய இஎஸ்சி நிஜமாவே செத்துச்சான்னு மீட்டர்ல பாருங்க. பேட்டரி, மோட்டார் ரெண்டையும் கழட்டி, மீட்டர டையோடு நிலையில வச்சு, சிவப்பு ப்ரோப்ப இஎஸ்சியோட கறுப்பு பேட்டரி வயர்லயும் கறுப்பு ப்ரோப்ப மூணு மோட்டார் வயர்லயும் ஒண்ணொண்ணா வைங்க. மூணும் ஒரே மாதிரி, சுமார் 0.4ல இருந்து 0.6க்குள்ள காட்டணும். அடுத்து கறுப்பு ப்ரோப்ப சிவப்பு பேட்டரி வயர்ல வச்சுட்டு சிவப்ப மூணு மோட்டார் வயர்லயும் வைங்க, அதே மாதிரி வரணும். ஒண்ணு மட்டும் பூஜ்யம் கிட்ட காட்டுனா அந்த மாஸ்ஃபெட் போச்சு.

அப்புறம் வயர் நீளம். பேட்டரி எட்டலன்னு பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவுல வயர நீட்டாதீங்க. நீள வயர்ல கரண்ட் திடீர் திடீர்னு அறுபடும்போது வோல்டேஜ் எகிறும், இஎஸ்சி வாசல்ல இருக்குற கெப்பாசிட்டர்தான் அத வாங்கிக்கும், கொஞ்ச நாள்ல அது உப்பி செத்து மாஸ்ஃபெட்டையும் கூட்டிட்டு போயிடும். நீட்டணும்னா மோட்டார் பக்கத்து மூணு வயர நீட்டுங்க. வேற வழியே இல்லன்னா நீட்டுற ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு 220 மைக்ரோஃபாரட், லோ இஎஸ்ஆர் (உள்தடை கம்மியான) வகை கெப்பாசிட்டர இஎஸ்சி பக்கத்துலயே சேர்த்துடுங்க.

கடைசியா, முதல் தடவை பேட்டரிய நேரா சொருகாதீங்க. 12 வோல்ட் 21 வாட் கார் ப்ரேக் லைட் பல்பு ஒண்ணு எடுத்து, 3எஸ் பேட்டரியோட சிவப்பு வயருக்கு நடுவுல தொடரா போட்டு சொருகுங்க. எல்லாம் சரியா இருந்தா கெப்பாசிட்டர் நிறையுற ஒரு நொடி மட்டும் பல்பு மினுக்கிட்டு அணைஞ்சுடும், பீப் வரும். எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், ரெண்டு ஆம்பியருக்கு மேல போகாது, இஎஸ்சி தப்பிச்சுடும். பல்பு எரிஞ்சா உடனே பேட்டரிய புடுங்கிட்டு மோட்டார் வயர் மூணையும் கழட்டி வச்சுட்டு, பல்போட பேட்டரிய மட்டும் திரும்ப சொருகுங்க. இப்ப அணைஞ்சிருந்தா கோளாறு மோட்டார் பக்கம், அப்பவும் எரிஞ்சா இஎஸ்சி பக்கம்.